நெல்லைச் சீமையில் முதல் டெலஸ்கோப்: எதை வாங்குவது, எந்த ஐபீஸை மாட்டுவது

பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டெலஸ்கோப்பை வாங்காதீர்கள். அந்த எண் வரும் வழி இதுதான்: குழலின் குவியத் தொலைவு 700 மி.மீ. பெட்டிக்குள் கிடக்கும் 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ் குழாய்) அதை வகுத்தால் 175. அதோடு ஒரு 3 மடங்கு பிளாஸ்டிக் பார்லோவை, அதாவது உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸை, சேர்த்தால் 525. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் குழலின் முன்லென்ஸ் விட்டம் வெறும் 60 மி.மீ. ஒரு டெலஸ்கோப் தாங்கக்கூடிய உச்ச உருப்பெருக்கம், மி.மீ. கணக்கில் அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. 60-க்கு 120. அதைத் தாண்டினால் பிம்பம் பெரிதாகும், விவரம் கூடாது, வெளிச்சம் செத்துப்போகும்.

பார்க்க வேண்டியது மூன்று: விட்டம், குழலைத் தாங்கித் திருப்பும் மவுண்ட், அப்புறம் ஐபீஸ். விளம்பரங்களில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கும். மவுண்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஏமாற்றத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. 70 மடங்கில் பார்க்கும்போது ஆட்டமும் 70 மடங்கு பெரிதாகத்தான் தெரியும். குழலை விரலால் லேசாகத் தட்டுங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் பிம்பம் அடங்கினால் நல்ல மவுண்ட். ஐந்தாறு வினாடி ஆடிக்கொண்டே இருந்தால், ஃபோகஸைத் தொடும்போதெல்லாம் அதே கதைதான்.

8.7 டிகிரியில் இருக்கிறோம்

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி வடக்கே இருப்பவர்களுக்காக எழுதியவை. திருநெல்வேலி வட அட்சம் 8.7 டிகிரியில் இருக்கிறது. இந்த ஒரு எண் பல முடிவுகளை மாற்றிவிடும்.

முதலாவது, வானத்தின் சுழற்சியை ஒரே அச்சில் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுண்ட். சுருக்கமாக ஈக்யூ என்பார்கள். அதன் அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 8.7 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது மறைக்கும் அளவு சுமார் 10 டிகிரி. துருவ நட்சத்திரம் அந்த ஒரு முஷ்டி உயரத்துக்குக்கூட ஏறாது. வடக்கே ஒரு வேப்பமரமோ பக்கத்து வீட்டு மாடியோ இருந்தால் போச்சு. திறந்த வெளியிலும் அடிவானப் புழுதியில் பாதி நாள் தெரியாது. ஈக்யூவின் அச்சை இங்கே ஏறக்குறைய படுக்கவைக்க வேண்டும். சில மவுண்டுகள் 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. இறங்குபவற்றில் எடைக்கல் மாட்டிய தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். நீண்ட நேரம் படம் பிடிப்பவர்களுக்கு ஈக்யூ தேவை, அவர்கள் இதற்கெல்லாம் வழி வைத்திருப்பார்கள். கண்ணால் மட்டும் பார்க்கப்போகும் புதியவர் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இரண்டாவது, நமக்குக் கிடைத்த வரம். கிரகங்கள் போகும் பாதை நம் தலைக்குப் பக்கத்தில் போகிறது. சனி தனுசு ராசியில் இருக்கும் ஆண்டுகளில் லண்டனில் அது அதிகபட்சம் 16 டிகிரி உயரம்தான் ஏறும். நமக்கு 59 டிகிரி. உயரத்தில் இருந்தால் ஊடே வரும் காற்றுப் படலம் குறைவு, பிம்பம் கலங்காது. அங்கே பெரிய டெலஸ்கோப்பில் பார்ப்பவருக்குக் கிடைக்காத தெளிவு இங்கே 130 மி.மீ. கண்ணாடியில் கிடைக்கும் இரவுகள் உண்டு.

ஆனால் தலைக்கு மேலே பார்ப்பதில் ஒரு தொல்லை. நீளமான லென்ஸ் டெலஸ்கோப்பை உச்சிக்குத் திருப்பினால் ஐபீஸ் இருக்கும் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும், குழல் முக்காலியில் முட்டும். 45 டிகிரி வளைவுப் பட்டகம் கொடுத்திருந்தால் கழுத்து ஒடியும். ஒளியை 90 டிகிரி திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் டயகனல்தான் வேண்டும். நியூட்டோனியன் வகையில், அதாவது ஆடி வைத்த குழலில், ஐபீஸ் மேல்முனையில் பக்கவாட்டில் இருப்பதால் உச்சியைப் பார்ப்பதும் சுகமாக இருக்கும். தரையிலோ மேசையிலோ உட்கார்ந்து இடவலமும் மேல்கீழும் திரும்பும் டாப்சோனியன் மவுண்டில் மட்டும் சரியாக உச்சிக்குப் போனால் இடம் வலம் திருப்புவது மக்கர் செய்யும். அதற்கு மருந்து பொறுமைதான்: ஒரு மணி நேரத்தில் வானம் 15 டிகிரி நகர்ந்துவிடும், அப்புறம் பாருங்கள்.

மூன்றாவது, தெற்கு வானம். பொதிகைக்குச் சொந்தக்காரரான அகத்தியரின் நட்சத்திரம் (கனோபஸ்) தை, மாசி மாத முன்னிரவில் தெற்கே 28 டிகிரிக்கு மேல் ஏறி ஜொலிக்கும். சித்திரையில் கரீனா நெபுலா என்ற ஒளிமேகம் 21 டிகிரிக்கு மேல், வைகாசியில் தெற்குச் சிலுவை அதே அளவு, ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து 34 டிகிரி. ஐரோப்பாவில் பெரும்பகுதியிலிருந்து இதில் எதுவுமே தெரியாது. ஆகவே நமக்கு வேண்டிய டெலஸ்கோப் உச்சிக்கும் போக வேண்டும், தெற்கு அடிவானத்துக்கு 15 டிகிரி வரை தாழவும் வேண்டும்.

எதை வாங்குவது

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பதில்: 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தொலைவு உள்ள மேசை டாப்சோனியன். 70 மி.மீ. லென்ஸைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு வெளிச்சம் சேர்க்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். வாங்குமுன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஆடி பாரபோலிக்கா (பரவளைய ஆடியா), கோள ஆடியா? எஃப்/5 குழலில் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்) 130 மி.மீ. கோள ஆடி இருந்தால் 80 மடங்குக்கு மேல் எதுவும் கூர்மையாகக் குவியாது. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

மேசை டாப்சோனியனுக்கு மேசை வேண்டும் என்பதை விளம்பரம் சொல்லாது. மொட்டைமாடித் தரையில் வைத்தால் கைப்பிடிச்சுவர் தெற்கு வானத்தைக் கீழே 20, 25 டிகிரி வரை மறைத்துவிடும். சிலுவையும் கரீனாவும் அதோடு போயின. பிளாஸ்டிக் நாற்காலி ஆடும். மூன்று கால் மர முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும். தச்சரிடம் இரண்டு அடி உயரத்தில், மேற்பலகை டெலஸ்கோப்பின் அடித்தட்டைவிட நான்கு விரற்கடை அகலமாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். கைப்பிடிச்சுவரின் மேலேயே வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இருட்டில் கை பட்டால் கீழே இருப்பவர் தலை.

கீழ்த்தளத்தில் முற்றமோ தோட்டமோ இருந்தால் 150 மி.மீ., 1200 மி.மீ. தரை டாப்சோனியன் இன்னும் நல்லது. எஃப்/8 என்பதால் மலிவான ஐபீஸ்கூட அதில் நன்றாக வேலை செய்யும், ஆடியின் சீரமைப்பும் அடிக்கடி கெடாது. குழல் நான்கு அடி நீளம் இருக்கும், அடித்தட்டோடு சேர்த்தால் ஒருவர் ஒரே நடையில் தூக்க முடியாது. குறுகலான மாடிப்படி உள்ள வீட்டில் வாங்கிவைத்தால் மூன்றாம் மாதம் துணி காயப்போடும் கம்பமாகிவிடும். 200 மி.மீ. பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக.

கையில் காசு குறைவாக இருந்தால் 70/700 லென்ஸ் டெலஸ்கோப், இடவலமும் மேல்கீழும் மட்டும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அஸிமத் மவுண்டில். நிலா, வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம் எல்லாம் அதில் தெரியும். முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டாமல் பாதியில் நிறுத்தி, நடுத்தட்டில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் பாதியாகக் குறையும். அதற்கும் கீழே பட்ஜெட் என்றால் டெலஸ்கோப் ஆசையைத் தள்ளிவைத்து 10×50 பைனாகுலர் வாங்குங்கள். தெற்கே அகத்தியர் முதல் தேளின் வால் வரை பால்வீதியை அதில் மேய்வது பொம்மை டெலஸ்கோப்பைவிட எவ்வளவோ மேல்.

தவிர்க்க வேண்டிய ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 114/1000, 127/1000 என்று எழுதியிருக்கும். குழலை அளந்தால் அரை மீட்டர்தான் இருக்கும். மிச்சத் தூரத்தை, ஐபீஸைப் பிடித்து முன்பின் நகர்த்தும் ஃபோகஸருக்குள் ஒட்டிய ஒரு சிறு லென்ஸ் ஈடுகட்டுகிறது. பேர்ட்-ஜோன்ஸ் என்று இதற்குப் பெயர். மலிவாகச் செய்த இந்த வகையில் பிம்பம் எப்போதும் கொஞ்சம் கலங்கியே இருக்கும், ஆடியைச் சீரமைக்கவும் பாடாய்ப் படுத்தும். நியூட்டோனியனில் எழுதிய குவியத் தொலைவும் குழலின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இல்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள்.

வாங்குமுன் ஒருமுறை எதிலாவது கண்ணை வைத்துப் பாருங்கள். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். சனி எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பார்சலைப் பிரித்ததும்

ஆடியில் இரண்டொரு தூசி இருந்தால் கவலையில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அசிங்கமாகத்தான் தெரியும். துண்டையோ வேட்டி நுனியையோ வைத்துத் துடைத்துவிடாதீர்கள். அலுமினியப் பூச்சில் விழும் கீறல் போகவே போகாது. விரிசல், விளிம்பு உடைவு, ஃபோகஸர் தள்ளாட்டம் இவற்றை மட்டும் பாருங்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபீஸில் திருகிக்கொள்ளும் குட்டியான கருப்பு சூரிய ஃபில்டர் பெட்டியில் இருந்தால் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குழல் மொத்தமாகச் சேர்த்த வெயில் அந்த ஒரு ரூபாய்க் காசு அளவு கண்ணாடியில் குவியும். அது சூட்டில் வெடித்த அடுத்த நொடி விழித்திரை கருகும், வலிகூடத் தெரியாது. சூரியனைப் பார்க்கப் பாதுகாப்பான வழி குழலின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய ஃபிலிம்தான். கண்ணால் பார்ப்பதற்கென்று விற்கும் என்.டி. 5 தரம். அப்போதும் ஃபைண்டரை, அதாவது குழலின் மேல் இருக்கும் குறிபார்க்கும் கருவியை, மூடி வைக்க வேண்டும். பகலில் டெலஸ்கோப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஐபீஸ் கணக்கு

மூன்று வாய்ப்பாடு போதும். குழலின் குவியத் தொலைவை ஐபீஸின் மி.மீ.-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம். ஐபீஸின் தோற்றப் புலத்தை (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம், டிகிரியில்) உருப்பெருக்கத்தால் வகுத்தால் வானத்தில் எத்தனை டிகிரி தெரியும் என்பது வரும். ஐபீஸின் மி.மீ.-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன். இது 7 மி.மீ.-ஐத் தாண்டினால் கண்மணிக்கு வெளியே ஒளி வீணாகும், அரை மி.மீ.-க்குக் கீழே போனால் பிம்பம் இருண்டு, கண்ணுக்குள் மிதக்கும் பூச்சிகள்தான் தெரியும்.

650 மி.மீ. குழலில் போட்டுப் பார்ப்போம். கூட வரும் 25 மி.மீ. ஐபீஸ் 26 மடங்கு. 50 டிகிரி தோற்றப் புலம் என்றால் வானத்தில் 1.9 டிகிரி. நிலாவின் அகலம் அரை டிகிரிதான் என்பதால் நான்கு நிலாவை அடுக்கிவைக்கும் இடம். கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய முழுதாக அதில் அடங்கும். இதுதான் தினமும் முதலில் மாட்ட வேண்டிய ஐபீஸ், பொருளைத் தேட, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக. புதியவர்கள் எடுத்ததும் 10 மி.மீ.-ஐ மாட்டிவிட்டு "ஒண்ணுமே தெரியலையே" என்பார்கள். தெரியாது. அந்தக் குறுகிய வட்டத்துக்குள் எதையும் கொண்டுவருவது அவ்வளவு லேசல்ல.

அடுத்தது நடுத்தரம், 9 மி.மீ. 72 மடங்கு. வியாழனின் பட்டைகள், சனியின் வளையம், ஒமேகா சென்டாரியின் ஓர நட்சத்திரங்கள் பிரிவது எல்லாம் இங்கேதான். மூன்றாவது 6 மி.மீ., 108 மடங்கு. 66 டிகிரி தோற்றப் புலம் உள்ள ஐபீஸ் என்றால் முழு நிலாவும் வட்டத்துக்குள் சரியாக உட்காரும். இந்த மூன்றும் இருந்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு வேறு எதுவும் வேண்டாம். நல்ல 2 மடங்கு பார்லோ ஒன்று இருந்தால் 9 மி.மீ. 144 மடங்காகும், காற்று அசையாத இரவுகளில் அது பலன் தரும்.

1200 மி.மீ. குழல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 9 மி.மீ.-ஏ 133 மடங்கு, 6 மி.மீ. 200. அவர்களுக்கு முதல் தேவை குறைந்த உருப்பெருக்கம்: 32 மி.மீ. பிளாஸல் வகை ஐபீஸ். 37 மடங்கு, 1.3 டிகிரி. நடுவில் 15 மி.மீ., மேலே 9 மி.மீ. போதும். ஒன்றேகால் அங்குல ஐபீஸில் 32 மி.மீ. பிளாஸலைவிட அகலமாக வானத்தைக் காட்ட முடியாது. குழாயின் உள்விட்டமே தடுத்துவிடும். 40 மி.மீ. வாங்கினால் உருவம் சிறுக்கும், புலம் கூடாது, காசுதான் போகும்.

வகை பற்றி. "ஹெச்", "எஸ்ஆர்" என்று பொறித்தவை இருநூறு முன்னூறு ஆண்டுக்கு முந்தைய அமைப்பில் செய்தவை, எஃப்/5 குழலில் சுத்தமாக எடுபடாது. முக்கியமாக எஸ்ஆர்4: பார்க்கும் துளை குண்டூசித் தலை அளவு. பிளாஸல் நம்பகமானது, 50 டிகிரி காட்டும். ஆனால் கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது அதன் குவியத் தொலைவில் முக்கால் பங்குதான். 25 மி.மீ.-இல் வசதி. 6 மி.மீ. பிளாஸலில் நாலைந்து மி.மீ.; கண்ணிமை லென்ஸைத் துடைக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை ஒட்டி நிமிடத்துக்கொரு தரம் மங்கும். அதனால் 10 மி.மீ.-க்குக் கீழே பிளாஸல் வேண்டாம். தங்க நிற வளையம் போட்ட 66 டிகிரி ஐபீஸ்கள் பல பெயர்களில் விற்கின்றன, கோல்டுலைன் என்று கேட்டால் தெரியும். அதில் 6, 9 இரண்டும் விலைக்கு மேல் வேலை செய்யும். 15, 20 இரண்டிலும் எஃப்/5 குழலில் ஓர நட்சத்திரங்கள் இழுபட்டுத் தெரியும்.

ஐபீஸ் குழாயின் விட்டம் ஒன்றேகால் அங்குலமா என்று பாருங்கள். பழைய பொம்மை டெலஸ்கோப்புகளில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான குழாய் வரும். அதற்கு நல்ல ஐபீஸ் இனி கிடைக்காது.

கண்ணாடி போடுபவர்கள்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டுப் பாருங்கள், ஃபோகஸரே சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் குறைந்த உருப்பெருக்கத்தில் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கை ஐபீஸுக்கு ஒதுக்கி வையுங்கள். முழுவதையும் குழலில் போட்டுவிட்டு பெட்டியோடு வந்த 10 மி.மீ.-இல் காலம் தள்ளுவது வழக்கமான தவறு.

முதல் இரவு

1. பகலிலேயே ஃபைண்டரைச் சரிசெய்யுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஏதாவது ஒன்றை நடுவில் கொண்டுவாருங்கள்: செல்போன் கோபுர உச்சி, நெல்லையப்பர் கோயில் கோபுரக் கலசம், காற்றாலை மையம். குழலை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே புள்ளியில் சிவப்புப் பொட்டை வையுங்கள். பிறகு 9 மி.மீ. மாட்டி இன்னொரு முறை. இதைச் செய்யாமல் இரவில் இறங்கினால் நிலாவைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆகும். பொட்டு விளக்கை அணைக்க மறந்தால் பேட்டரி காலி. ஒன்று கூடுதலாக வையுங்கள்.

2. பார்ப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே குழலை வெளியே வைத்துவிடுங்கள். அறையின் சூடு ஆடியில் இருக்கும் வரை பிம்பம் நெளியும். மொட்டைமாடி சிமெண்டும் பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கக்கிக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் இது நள்ளிரவு வரை அடங்காது. சாயங்காலம் நாலு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஓரளவு தணியும். மண் தரை இதைவிட எவ்வளவோ மேல்.

3. முதல் இலக்கு நிலா. நாள்காட்டியில் வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை ஒரு நாள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். பௌர்ணமியன்று நிழலே இல்லை, கண் கூசுவதுதான் மிச்சம்.

4. ஃபோகஸ். நட்சத்திரம் எவ்வளவு சிறிய புள்ளியாகிறதோ அதுவே சரியான ஃபோகஸ். நடுவில் கருப்பு ஓட்டையோடு பெரிய வடை மாதிரித் தெரிந்தால் "நட்சத்திரத்தைப் பெரிசாப் பிடிச்சிட்டேன்" என்று நினைக்காதீர்கள். அது ஃபோகஸ் தப்பிய ஒளி. கருப்பு, நடுவில் இருக்கும் துணை ஆடியின் நிழல். குமிழைத் திருப்பிக்கொண்டே போங்கள், வட்டம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும்.

5. பிம்பம் தலைகீழாக இருக்கும். அது பழுதல்ல. நகர்ந்துகொண்டும் இருக்கும்: 100 மடங்கில் அரை டிகிரி வட்டத்தை ஒரு பொருள் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். பொருளை வட்டத்தின் ஓரத்தில் விட்டுவிட்டுக் கையை எடுங்கள், அது தானாகக் குறுக்கே வரும், அந்த நேரம் பாருங்கள்.

சனியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. அதனால் அதை ஒட்டிய காலத்தில் கோடு போலத்தான் தெரியும். டெலஸ்கோப் மேல் பழி போடாதீர்கள், ஆண்டுக்கு ஆண்டு வளையம் விரியும். நெபுலாக்களும் விண்மீன் திரள்களும் படங்களில் வரும் நிறத்தில் தெரியாது, சாம்பல் நிறப் புகைதான். நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் இன்னும் கொஞ்சம் துலங்கும். டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். செல்போனை ஒரு தரம் வெளிச்சமாகப் பார்த்தால் இருட்டுக்குப் பழகிய கண் திரும்பப் பழக இருபது நிமிடம் வேண்டும்.

ஆடிகளைச் சீரமைத்தல்

கூரியரில் வந்த நியூட்டோனியனில் ஆடி கோணம் மாறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேசர் கருவி வேண்டாம். ஃபோகஸரின் மூடியின் நட்டநடுவில் 2 மி.மீ. துளை போட்டு அதன் வழியே பகலில், சூரியனுக்கு எதிர்த்திசையில் குழலைத் திருப்பிப் பாருங்கள். துணை ஆடி வட்டமாக நடுவில் தெரிய வேண்டும். அதற்குள் முதன்மை ஆடி முழுதாக, அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் எல்லாம் தெரியும்படி, துணை ஆடியின் மூன்று திருகுகளைத் திருப்புங்கள். அப்போது குழல் படுத்த நிலையில் இருக்கட்டும். நிமிர்ந்திருந்தால் கை தவறிய திருப்புளி நேரே முதன்மை ஆடியில் போய் விழும். கடைசியாகப் பின்பக்கத் திருகுகள்: ஆடியின் நடுவில் உள்ள வளையக் குறிக்குள் உங்கள் துளையின் பிம்பம் உட்கார வேண்டும். பூட்டுத் திருகுகளை முதலில் தளர்த்த மறந்துவிட்டு, "திரும்பவே மாட்டேங்குது" என்று அழுத்தி மரையை உடைத்தவர்கள் நிறைய.

இரவில் சோதிக்க, ஒரு பளிச்சென்ற நட்சத்திரத்தை லேசாக ஃபோகஸ் தப்ப வையுங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி. வடக்கே இருப்பவர்கள் இதற்குத் துருவ நட்சத்திரத்தைச் சொல்வார்கள், நகராது என்பதால். நமக்கு அது புழுதிக்குள் கிடக்கிறது. அகத்தியரை வைத்துக்கொள்ளலாம்: பிரகாசம் அதிகம், வான நடுக்கோட்டில் இருக்கும் நட்சத்திரத்தின் வேகத்தில் பத்தில் ஆறு பங்குதான் நகரும். வளையம் முக்கோணமாகத் தெரிந்தால் கோணம் பிரச்சினை அல்ல, ஆடியின் கிளிப்புகள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஒரு தாள் நுழையும் அளவு தளர்த்துங்கள்.

எப்போது, எங்கே

தை முதல் சித்திரை வரை நம் சீசன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். கிழக்கே மேகம் குறைந்திருந்தாலும் காற்று விடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், குழல் எம்மாத்திரம்? ராதாபுரம், வள்ளியூர், கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகளை நட்டிருப்பதே காரணத்தைச் சொல்லும். அந்த மாதங்களில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சுவரின் மறைவில், 50 மடங்குக்குள்.

நமக்கு வேண்டியது தெற்கு என்பதால் நகரத்தின் தெற்கே போங்கள். பாளையங்கோட்டை வெளிச்சம் வடக்கே முதுகுக்குப் பின்னால் நிற்கும்படி, மூலைக்கரைப்பட்டி, நாங்குநேரி பக்கத்துக் குளக்கரைகள், மானாவாரிக் காடுகள். நிலத்துக்காரரிடம் பகலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி கறுப்பாக ஒரு குழலை நீட்டிக்கொண்டு நின்றால் ஊர் திரண்டுவிடும். மலையடிவாரம் கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் மேற்கு வானத்தை மலை மறைக்கும், மேகம் வழிந்து வரும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இரவில் போகவும் முடியாது. தேரிக்காட்டின் இருட்டு அருமையானது. ஆனால் அங்குள்ள செம்மணல் மிக நுண்ணியது, ஃபோகஸர் பற்களுக்குள் புகுந்தால் எடுக்க முடியாது. அங்கே போனால் விரிப்பு ஒன்றைப் போட்டு அதன் மேல் வையுங்கள், பிரித்த மூடிகளைத் தரையில் வைக்காதீர்கள்.

பனியும் பூஞ்சையும்

தாமிரபரணிக் கரை வயல்வெளிகளில் மார்கழி, தை இரவுகளில் பதினொரு மணிக்கெல்லாம் பனி இறங்கும். லென்ஸ் டெலஸ்கோப்பின் முன்கண்ணாடி முதலில் நனையும். யோகா பாயை வெட்டிச் சுருட்டி, விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் குழலின் முன்னால் நீட்டிக் கட்டினால் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஐபீஸ்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் அவை நனையாது.

பனியில் நனைந்ததை மூடி போட்டு உள்ளே வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மூடிகளைத் திறந்து, குழலின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, காய்ந்த பிறகு மூடுங்கள். ஐபீஸ்களுக்கு ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நூறு கிராம். நிறம் மாறியதும் வறுத்தெடுத்து மறுபடி போடலாம். தோலால் செய்த பையும் அட்டைப் பெட்டியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவற்றில் வைக்காதீர்கள். லென்ஸில் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அந்த ஐபீஸை உடனே டப்பாவிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள், மற்றவற்றுக்கும் தொற்றும்.